மூளைக் கட்டி: கணவனும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டியது



இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. பெண்ணுக்கு எட்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. முதலில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று நர்ஸம்மா சொன்ன பிறகு முகங்கள் மாறிவிட்டன. ஒரு நாள் குளிக்கும்போது மார்பிலிருந்து பால் கசிவதை அந்தப் பெண் பார்க்கிறாள். பிள்ளை பெறாதவளுக்குப் பால் வருமா? மாமியாரிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ, புருஷன் என்ன சந்தேகப்படுவாரோ என்று பயந்து, ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறாள். அடிக்கடி வரும் தலைவலிக்குக் கடை மாத்திரை.

இந்தப் பெண்ணுக்குக் கோளாறு கர்ப்பப்பையில் இல்லாமல் இருக்கலாம். நடத்தையில் நிச்சயமாக இல்லை. மூளைக்கு அடியில், மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், ஒரு பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சொல்லுவது இந்தச் சுரப்பிதான். அதில் ஒரு சிறு கட்டி வளர்ந்தால், பிள்ளை இல்லாதபோதே பால் ஊறச் சொல்லிவிடும். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு தள்ளிப் போகிறதல்லவா? அதே போல இங்கேயும் விலக்கு நின்று போகும், கருவும் தரிக்காது.

ஆணுக்கும் இந்தக் கட்டி வரும். அவருக்கு மனைவியிடம் நாட்டம் குறையும், ஆண்மை தளரும். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் லேகியக் கடைகளுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார். ஆண்களிடம் விலக்கு நிற்பது போன்ற எச்சரிக்கை இல்லாததால், கட்டி பெரிதாகிக் கண் பார்வையைத் தொடும் வரை பலர் வருவதில்லை.

ரத்தத்தில் புரோலாக்டின் என்ற சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். தைராய்டு கோளாறாலும், வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும்கூட இப்படிப் பால் கசிவது உண்டு. அதனால் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டிதான் என்று உறுதியானாலும் பயப்பட வேண்டாம். இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை கேபர்கோலின் என்ற மாத்திரையிலேயே சுருங்கிவிடுகின்றன. வாரத்துக்கு ஒரு தடவை, அல்லது இரண்டு தடவை சாப்பிட்டால் போதும். விலக்கு திரும்புகிறது, பலருக்குக் குழந்தையும் பிறக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். விலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தரித்துவிடலாம். மாத்திரை ஆரம்பிக்கும் அன்றே, இப்போது குழந்தை வேண்டுமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று டாக்டரிடம் பேசிவிடுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் மாத்திரையை என்ன செய்வது என்பதையும் அவரே சொல்வார். கர்ப்ப காலத்தில் தலைவலி கூடினாலோ பார்வை குறைந்தாலோ உடனே போக வேண்டும்.

பிள்ளை இல்லாத எல்லா வீட்டிலும் இதுதான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆயினும் மலடி என்று ஒருத்தியைச் சொல்லுவதற்கு முன்னால், இப்படியும் ஒரு நோய் உண்டு என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதை முதலில் எழுதினோம்.

கட்டி என்றால் எல்லாம் ஒன்றல்ல

"மூளையில கட்டியாம்" என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். மீதிப் பேர் நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறார்கள். எந்தக் கட்டி, எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் வளருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

வயிற்றில் ஒரு கட்டி வந்தால் வயிறு இடம் கொடுக்கும். மண்டையோடு இடம் கொடுக்காது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, அதைச் சுற்றி ஓடும் நீர், ரத்தம், இவ்வளவும் ஒரு மூடிய எலும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்குள் புதிதாக ஒரு பொருள் வளர்ந்தால் மற்றவற்றை நெருக்கும். ஆகவே புற்றுநோய் அல்லாத சாதுவான கட்டிகூட மூளையில் வந்தால் தொந்தரவு கொடுக்கும். கைக்குழந்தைக்கு மட்டும் உச்சிக் குழி மூடாததால் தலை பெரிதாகும். குழந்தையின் தலை மளமளவென்று பெருத்தால் நர்ஸிடம் காட்டி அளக்கச் சொல்லுங்கள்.

மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வளரும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். பெண்களுக்கே அதிகம் வருகிறது. மெதுவாக வளரும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சிறியதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் டாக்டர் ஒன்றும் செய்யாமல் வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. "கவனிக்காம விட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான்.

மூளைச் சதைக்குள்ளேயே பிறக்கும் கட்டிக்குக் கிளையோமா என்று பெயர். இதை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் தரம் சாது, நாலாம் தரம் பொல்லாதது. நாலாம் தரத்துக் கட்டிகளில் அதிகம் காணப்படும் கிளையோபிளாஸ்டோமா வந்தவர்களில் பலர், எல்லா சிகிச்சையும் எடுத்தாலும் ஒன்று, ஒன்றரை வருஷமே இருக்கிறார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. அந்த நிலையில் எவ்வளவு கடன் வாங்குவது, எந்த ஊருக்கு ஓடுவது, மீதியுள்ள நாட்களை எப்படி வலியில்லாமல் கழிப்பது என்பதை நோயாளியும் மனைவியும் டாக்டரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். நோயாளியைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நல்லதல்ல.

வேறு இடத்துப் புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் உண்டு. மார்பகத்திலோ நுரையீரலிலோ புற்றுநோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாகத் தலைவலியோ வலிப்போ வந்தால், பழைய சீட்டுகளோடு உடனே போக வேண்டும்.

இன்னொரு விஷயம். நம் நாட்டில் ஸ்கேனில் தெரியும் கட்டி எல்லாம் உண்மையான கட்டி அல்ல. காசநோய்க் கிருமி மூளையில் கட்டி போல உருண்டு நிற்கும். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் குஞ்சு மூளையில் தங்கி, சிறு கொப்புளமாகத் தெரியும். இரண்டுக்கும் மாத்திரை வைத்தியம் இருக்கிறது. "நாங்க பன்றிக் கறி தொடறதே இல்லையே, எங்களுக்கு எப்படி?" என்று கேட்பீர்கள். நாடாப்புழு உள்ள ஒருவர் வெளியே மலம் கழித்தால், அதிலுள்ள முட்டை மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத கீரை வழியாகவும் கை வழியாகவும் சைவக்காரர் வயிற்றுக்கும் போய்ச் சேரும். கக்கூஸ் கட்டிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கண்டுபிடிப்பவர் வீட்டிலிருப்பவரே

தலைவலி வராதவர் உண்டா? நூறு தலைவலியில் கட்டி என்பது அபூர்வம். ஆகவே ஒவ்வொரு தலைவலிக்கும் நடுங்க வேண்டாம். ஆனால் தூங்கி எழுந்ததும் தலை கனத்து, வாந்தி எடுத்ததும் கொஞ்சம் குறைந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் தலைவலியைச் சும்மா விடக்கூடாது. இருபது வயதுக்கு மேல் முதல் முறையாக வலிப்பு வந்தால் கட்டாயம் தலையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கையோ காலோ நாளாக நாளாகப் பலம் குறைவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது இவையும் அப்படியே. போனை ஒரு காதில் வைத்தால் கேட்கிறது, மறு காதில் வைத்தால் கேட்கவில்லை என்றால் அது காது நரம்பில் வரும் கட்டியாக இருக்கலாம். வாசல் நிலையில் அடிக்கடி தோளை இடித்துக்கொள்கிறார், பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்கிறார் என்றால் பக்கப் பார்வை போகிறது என்று அர்த்தம். முன்பு சொன்ன பிட்யூட்டரிக் கட்டி பெரிதானால் அதற்கு மேலேயுள்ள கண் நரம்பை நெருக்கி இப்படிச் செய்யும். கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகாது.

எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கச் சிரமமானது குணம் மாறுவது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையில் கட்டி வந்தால் சாந்தமானவர் சிடுசிடுப்பார். கணக்குப் பார்க்கிறவர் காசைத் தொலைப்பார். சுறுசுறுப்பானவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார், வேட்டி நனைந்தாலும் கவலைப்பட மாட்டார். அவருக்குத் தான் மாறியது தெரியாது. டாக்டர் ஐந்து நிமிஷம் பார்ப்பதில் கண்டுபிடிக்கவும் மாட்டார். "இவரு முன்ன மாதிரி இல்லீங்க, ஆறு மாசமா வேற ஆளா இருக்காரு" என்று மனைவி சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் டாக்டருக்கு வழி காட்டும். குடித்திருக்கிறார், வேறு தொடுப்பு வைத்திருக்கிறார், செய்வினை, காத்து கருப்பு என்று ஆளுக்கொன்று சொல்லி ஒரு வருஷம் போய்விடுகிறது. கோயிலுக்குப் போங்கள், வேண்டுதல் செய்யுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டுப் போங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் வழக்கம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. சாவி தேடி ஓடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருக்கும் கல், அடுப்பு முதலியவற்றை விலக்குங்கள். பல்லுக்கு நடுவே கரண்டி வைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108க்குப் போன் செய்யுங்கள். கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்ற சில நாளில் உள்ளவளுக்கோ வலிப்பு வந்தால் ஐந்து நிமிஷம்கூடக் காத்திருக்கக்கூடாது. அது பெரும்பாலும் கட்டி அல்ல, வேறு அபாயம்.

பரிசோதனை

கண் டாக்டர் சிறு விளக்கால் கண்ணுக்குள் பார்த்தே மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பல சமயம் சொல்லிவிடுவார். பிறகு ஸ்கேன். முன் காலத்தில் முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் காற்றைச் செலுத்தி, அது மூளைக்குள் ஏறியதும் எக்ஸ்ரே எடுத்துத்தான் கட்டியை ஊகித்தார்கள். நோயாளி வலியில் துடிப்பார். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், மூளைக் கட்டி என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இன்று அதே பரிசோதனை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் சில நிமிஷத்தில் முடிகிறது.

இன்னும் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அது பெரிய காந்தம். உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. கொலுசு, மெட்டி, தோடு, தாலிச் சங்கிலி எல்லாம் கழற்றச் சொல்லுவார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுது திரும்பிப் போன பெண்கள் உண்டு. அம்மா, வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம், காந்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. காப்பர் டி போட்டிருந்தால் சொல்லுங்கள், பெரும்பாலும் அது தடையாகாது. நாள் தள்ளிப் போயிருந்தால் எந்த ஸ்கேனுக்கும் முன்னால் கட்டாயம் சொல்லுங்கள்.

சிகிச்சை

ஆபரேஷனுக்குப் பயப்படுவது இயற்கை. தமிழ்நாட்டுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை ஆபரேஷனை ஆரம்பித்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டில் ஒரு சில்லைத் திறந்து, கட்டியை எடுத்து, சில்லைத் திரும்பப் பொருத்துவார்கள். மூளைச் சதைக்கு வலி தெரியாது. ஆகவே பேச்சு, கை அசைவு இவற்றுக்கான இடத்தருகே கட்டி இருந்தால், நோயாளியை விழிக்க வைத்துப் பேசச் சொல்லிக்கொண்டே கட்டியை எடுப்பதும் உண்டு. பிட்யூட்டரிக் கட்டிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடுவார்கள். முடிகூட இறக்க வேண்டாம். மூளை நீர் தேங்கி நின்றால், தலையிலிருந்து வயிற்றுக்குள் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். ரத்தக் கசிவு, கை கால் தளர்ச்சி, சீழ் பிடித்தல் இவை சிலருக்கு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், "முழுசா எடுக்க முடியுமா? எடுத்தா என்ன குறையலாம்? எடுக்காட்டி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எடுத்த சதையைப் பரிசோதித்த பிறகே கட்டியின் தரம் தெரியும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

மிச்சமிருக்கும் கட்டிக்கு "கரண்ட்டு வைக்கணும்" என்று ஊரில் சொல்லுகிறோமே, அது கரண்ட் அல்ல, கதிர்வீச்சு. ஷாக் அடிக்காது, சுடாது. தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலை போன்ற முகமூடி செய்து மாட்டுவார்கள். தினம் சில நிமிஷம்தான். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், பல கட்டிகளுக்கு ஆறு வாரம். களைப்பு வரும், முடி கொட்டும். வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், கதிர் யாருக்கும் ஒட்டாது. நடுவில் நின்றுவிடுவதுதான் கெடுதல். அறுவடை, திருவிழா என்று பாதியில் ஊருக்கு வந்துவிடாதீர்கள். சிலருக்கு இதோடு டெமோசோலமைட் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. சர்க்கரை கூடும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோய் இருக்கும்போது குடும்ப வாழ்க்கை

மூளைக் கட்டி தொற்று நோயல்ல. ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒருசில அபூர்வமான வகைகளைத் தவிர, பிள்ளைகளுக்குப் பரம்பரையாகவும் வருவதில்லை. எண்ணெய் தேய்க்காததாலோ, வெயிலில் நின்றதாலோ, கவலையாலோ வந்ததல்ல. பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று விஞ்ஞானமே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மருமகள் வந்த ராசி என்பது காரணப் பட்டியலில் இல்லை.

ஆபரேஷன் புண் ஆறி டாக்டர் சரி என்றதும் கணவன் மனைவி சேர்ந்திருக்கலாம். ஆனால் கதிர்வீச்சும் புற்றுநோய் மாத்திரையும் நடக்கும்போதும், முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் காலம் வரையிலும், கரு தரிக்கக்கூடாது. நோய் கணவனுக்கு இருந்தாலும் இதே விதிதான்.

இங்கே பலர் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. வலிப்புக்குச் சாப்பிடும் பெனிடாயின், கார்பமாஸிபைன், பினோபார்பிடோன் போன்ற மாத்திரைகள், கர்ப்பத் தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மாலா-என் தவறாமல் சாப்பிட்டும் கர்ப்பமாகிவிடலாம். இப்படிப்பட்டவர்களுக்குக் காப்பர் டி நம்பகமானது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை வயிற்றுக் குழந்தைக்குக் கெடுதல் செய்யும். ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். பயந்து தானாக நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதிலுள்ள மருந்தை ஒரு வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டவர்களிடம் மெனிஞ்சியோமா கட்டி அதிகம் காணப்பட்டதாக 2024இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி ஒன்று வந்தது. அப்படி வருவது அபூர்வமே. ஊசி போட்டுக்கொள்பவர்கள் பீதியடைந்து நிறுத்திவிட்டு, வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே மெனிஞ்சியோமா வந்தவர்கள் மட்டும் நர்ஸிடமும் டாக்டரிடமும் அதைச் சொல்லி, ஹார்மோன் இல்லாத வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வலிப்பு கட்டுப்படும் வரை டிராக்டர், பைக் ஓட்டக்கூடாது, கிணற்றில் இறங்கக்கூடாது, விறகடுப்பில் தனியே சமைக்கக்கூடாது. இது சொல்ல எளிது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும்.

செலவுக்கு நிலத்தை விற்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேராதவர்கள் ரேஷன் கார்டு, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ஆதார் இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். வழி தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேளுங்கள். அல்லது உங்கள் துணை சுகாதார நிலைய நர்ஸைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். வலிப்பு வந்ததைக் கண்ணால் பார்த்தவர் எவரோ அவரும் கூட வரட்டும். செல்போனில் படம் பிடித்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ஸ்கேன் படங்களை மடிக்காமல், சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக விலக்கு வந்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.